வீட்டிலேயே தொழில்: ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய நிலப் பயன்பாட்டு விதிகள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு சகோதரி தன் மகனை அனுப்பி நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். கணவர் வஃபாத்தாகி இத்தா முடிந்திருந்தது. ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார். கம்பெனி வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கலாமா, இந்த வருமானம் ஹலாலா என்பதுதான் கேள்வி. "ஹலால்தான் அம்மா, பொருள் சுத்தமாக இருக்கட்டும், அளவு சரியாக இருக்கட்டும், அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்று பதில் சொல்லி அனுப்பினோம்.

ஒன்றரை வருடம் கழித்து அதே பிள்ளை ஒரு காகிதத்தோடு வந்தான். வீட்டு மின் இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தியதாகக் கணக்கிட்டு, பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டாரின் புகாரால் வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லிவிட்டார். "ஹஜ்ரத், நீங்க ஹலால்னு தானே சொன்னீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது நமக்குப் பதில் வரவில்லை. சமையல் ஹலால்தான். ஆனால் எந்த வீடு, யாருடைய வீடு, என்ன இணைப்பு, பக்கத்தில் யார் என்று அன்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் சொன்னது பாதிப் பதில். மீதிப் பாதியை இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம்.

இந்தப் பகுதியில் ஏன் இது பெரிய விஷயம்?

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் என்று சிப்காட் வளாகங்கள் வளர்ந்தன. நேற்று வரை ஏரிப் பாசன வயலாக இருந்த ஊர்களில் இன்று மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் நடக்கிறார்கள். வந்தவர்களுக்குச் சோறு வேண்டும், தங்க இடம் வேண்டும், சட்டை தைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு டியூஷன் வேண்டும். இந்தத் தேவைகளில் பெரும்பகுதியை வீடுகள்தான் தீர்க்கின்றன. நம் மஹல்லாக்களிலும் மெஸ், இட்லி மாவு, பிரியாணி ஆர்டர், தையல், கேக், மெஹந்தி, வாடகை அறை, சிறு லேத் வேலை, உதிரிபாகம் பேக்கிங் என்று வீட்டிலேயே தொழில் செய்யும் குடும்பங்கள் ஏராளம்.

வயலும் நத்தமும் தொழிற்பேட்டையும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு விதியும் எதிர்வீட்டுக்கு வேறு விதியும் பொருந்தும். "எதிர்வீட்டார் செய்கிறாரே, நாங்கள் செய்தால் என்ன?" என்ற கேள்வி இங்கே செல்லாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வீட்டில் உழைத்துச் சம்பாதிப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் துணைவியார் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர்.

ஆனால் தொழில் ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது. பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கும் செய்யக் கூடாது என்ற கருத்தில் வரும் நபிமொழியின் மீது ஃபுகஹாக்கள் ஒரு முழுச் சட்டப் பிரிவையே கட்டியிருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் துனீஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கட்டடக் கொத்தனார். காழிகள் அவரை நிபுணராக அழைத்து வீட்டுத் தகராறுகளைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர் கட்டடச் சட்டங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அடுப்புப் புகை, கெட்ட வாடை, அரைக்கும் சத்தம், சுவர் அதிர்வு என்று அண்டை வீட்டாருக்கு வரும் தீங்குகளை வகை பிரித்துப் பேசுகிறார். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு ஹனஃபி ஃபிக்ஹிலிருந்து தொகுத்த 'மஜல்லா' சட்டத்திலும் இதே செய்தி உண்டு. வீட்டை ஒட்டிக் கொல்லுப்பட்டறை வைத்து அதிர்வால் கட்டடம் பலவீனமானால், அல்லது புகையாலும் வாடையாலும் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாமல் போனால், அது கடுமையான தீங்கு, நீக்கப்பட வேண்டியது.

ஆக, மண்டலப் பிரிப்பு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த அந்நியச் சிந்தனை என்று சிலர் பேசுவது சரியல்ல. இன்றைய அரசு விதிகளின் நோக்கமும் பெரும்பாலும் இந்தத் தீங்குத் தடுப்புதான். பாவத்தைக் கட்டளையிடாத, பொதுநலனுக்கான விதிக்குக் கட்டுப்படுவது முஸ்லிமின் மீது கடமை. வாடகை ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட நிபந்தனையை நிறைவேற்றுவதும் அப்படியே.

எந்தச் சட்டம், எந்த அலுவலகம்?

அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதில் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்குள் புதிதாகக் கட்டுவது மட்டும் அடங்கவில்லை. ஒரு கட்டடத்தின் அல்லது நிலத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் 'வளர்ச்சி'தான். "நாங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே, அனுமதி எதற்கு?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடியிருந்த வீட்டை முழு மெஸ்ஸாகவோ கிடங்காகவோ மாற்றினால், சுவர் அப்படியே இருந்தாலும் திட்ட அனுமதி தேவைப்படும்.

கட்டட அளவு, பக்க இடைவெளி, வாகன நிறுத்தம், எந்த மண்டலத்தில் எது செய்யலாம் என்பவை 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ளன. சிஎம்டிஏ பகுதிக்கும் டிடிசிபி பகுதிக்கும் ஊராட்சிக்கும் தனித்தனியாக இருந்த விதிகளை ஒன்றாக்கியது இது.

அலுவலகம் எது என்பதில்தான் நம் பகுதி மக்கள் குழம்புகிறார்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. குன்றத்தூர் பக்கத்து ஊர்கள் அதில் இருந்தன. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் இருந்தன. 2022 அக்டோபரில் அரசு பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி ஆணையிட்டது. அதில் நம் பகுதியும் வந்துவிட்டது. எனவே முதல் வேலையாக ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில், "எங்கள் சர்வே எண்ணுக்குத் திட்ட அனுமதி விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரருக்குச் சொன்ன பதில் உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது?

பத்திரத்தில் 'வீட்டு மனை' என்று எழுதியிருப்பது மண்டலத்தைக் காட்டாது. பட்டாவும் காட்டாது. பட்டா நிலத்தின் உரிமையைச் சொல்லும். மண்டலத்தைச் சொல்வது முழுமைத் திட்ட வரைபடம். பொதுவாகப் பார்க்க வேண்டிய பிரிவுகள் இவை:

ஆதாரக் குடியிருப்பு: வீடுகளுக்கானது. குடியிருப்போரின் சொந்தத் தொழில்முறை அலுவலகம், அன்றாடத் தேவைக்கான சிறு கடை, தையல் போன்றவை பரப்பு வரம்புக்குள் அனுமதிக்கப்படும்.

கலப்புக் குடியிருப்பு: வீடும் கடையும் சேர்ந்து இருக்கலாம். வரம்புகள் சற்றுத் தாராளம். கடைத்தெருவை ஒட்டிய பல மனைகள் இதில் வரும்.

வணிகம்: கடை, ஓட்டல், அலுவலகம். வீடும் இருக்கலாம்.

தொழில்: பட்டறை, ஆலை, கிடங்கு. தொழிற்பேட்டையை ஒட்டிய சில மனைகள் இந்த மண்டலத்தில் இருக்கும். இங்கே மனை வாங்கிக் குடியிருப்பு கட்ட நினைப்பவர்கள் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

விவசாயம்: நம் பகுதியில் அதிகம் சிக்கல் தருவது இதுதான். வயலைப் பிரித்து விற்ற மனைகள் பல இன்னும் வரைபடத்தில் விவசாய மண்டலமாகவே இருக்கும்.

கிராம நத்தத்தில் தலைமுறையாக வீடு இருப்பவர்களுக்குக் குடியிருப்பில் சிக்கல் குறைவு. ஆனால் நத்தம் என்பதால் எந்தத் தொழிலும் செய்யலாம் என்று பொருளில்லை. புகை, கழிவுநீர், இயந்திரம் என்று வந்தால் அங்கும் அனுமதி தேவை.

பரப்பு வரம்பும் மோட்டார் குதிரைத்திறன் வரம்பும் மண்டலத்துக்கு மண்டலம் வேறு. அவ்வப்போது திருத்தமும் வருகிறது. ஆகவே தரகரோ, கட்டட மேஸ்திரியோ சொல்லும் எண்ணை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். சர்வே எண்ணை எழுதி, "இது எந்த நிலப் பயன்பாட்டில் உள்ளது, இன்ன பரப்பில் இன்ன தொழிலுக்கு இங்கு அனுமதி உண்டா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

மண்டலம் பொருந்தவில்லை என்றால் மறுவகைப்பாடு கோரி விண்ணப்பிக்கலாம். ஆட்சேபணை கேட்பது, குழுவின் பரிசீலனை, கட்டணம் என்று நீண்ட வழி அது. ஒரு சிறு தொழிலுக்காக இந்த வழியில் இறங்குவதைவிட, பொருந்தும் இடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மலிவு.

அங்கீகாரம் இல்லாத மனையில் வீடு இருந்தால்

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது நினைவிருக்கும். பிறகு 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட மனைகளுக்கு அது வழி தந்தது. உங்கள் மனை வரன்முறை செய்யப்பட்டதா என்று பத்திரக் கோப்பில் தேடிப் பாருங்கள். மனை வரன்முறை ஆனாலும் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்திலேயே உடனடி அனுமதி. நல்ல வசதி. ஆனால் அது குடியிருப்புக்கான அனுமதி. அதை வாங்கிக் கீழ்த்தளத்தில் ஷட்டர் வைத்துக் கடை கட்டினால், நாமே கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலத்தை மீறியதாகும். சட்டப்படியும் தவறு, மார்க்கப்படி பொய்ச் சாட்சியின் வாசல்.

மின் இணைப்பு: பலர் முதலில் மாட்டும் இடம்

மண்டலம் பார்க்க அதிகாரி வருவதற்கு முன் மீட்டர் பார்க்க ஆள் வந்துவிடுவார். வீட்டு இணைப்புக்கு ஒரு கட்டணம், வணிகத்துக்கு வேறு, குடிசை மற்றும் குறுந்தொழிலுக்குத் தனிப் பிரிவு. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசமும் உண்டு. அது பொதுப் பணம். அதில் கிரைண்டர் ஓட்டி மாவு விற்பது பொதுச் சொத்தில் உரிமையில்லாமல் கை வைப்பதாகும்.

சில விலக்குகள் உண்டு. நெசவாளர் வீட்டுக் கைத்தறிக்கும், வீட்டோடு ஒட்டிய 200 சதுர அடிக்கு உட்பட்ட மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் ஆலோசனை அறைக்கும் வீட்டுக் கட்டணமே பொருந்தும். மற்றவர்கள் மின்வாரிய அலுவலகத்தில் தங்கள் தொழிலைச் சொல்லி, எந்தப் பிரிவு என்று கேட்டுத் தனி மீட்டர் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மீறினால் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவு பொருந்தும். உரிய பிரிவின் கட்டணத்தைப் போல் இரு மடங்கு. எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடலாம். ஆனால் முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதற்கு எழுத்தில் ஆட்சேபணை தரலாம். உங்களைக் கேட்ட பிறகே இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். இறுதி ஆணையின் மீது 30 நாட்களுக்குள், பாதித் தொகையைக் கட்டி, 127-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். நாம் முதலில் சொன்ன சகோதரிக்கு ஆட்சேபணை தரலாம் என்றே தெரியாது. காகிதத்தைக் குர்ஆன் ஷரீஃபுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு துஆ செய்துகொண்டிருந்தார். துஆ அவசியம். கூடவே ஆட்சேபணை மனுவும் அவசியம்.

சமையல் தொழில் செய்பவர்களுக்கு

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒவ்வாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் மறியலில் அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. வெளியூர்த் தொழிலாளர்களுக்குச் சமைக்கும் ஒவ்வொரு வீடும் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. ஒரு சட்டி கெட்டுப்போனால் நூறு பேரின் வயிறும் வேலையும் பாதிக்கும்.

வீட்டில் சமைத்து விற்பவரும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவார். ஆண்டு விற்பனை குறிப்பிட்ட வரம்புக்குள் உள்ளவர்களுக்கு எளிய பதிவு. அதற்கு மேல் உரிமம். விண்ணப்பம் இணையத்தில்.

இரண்டாவது, சிலிண்டர். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். விலை கூடுதல் என்பது உண்மை. அந்த விலையைச் சேர்த்துத்தான் சாப்பாட்டின் விலையை வைக்க வேண்டும். மானியச் சிலிண்டரில் லாபம் பார்ப்பதில் பரக்கத் இருக்காது. விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது.

மூன்றாவது, கழிவுநீரும் புகையும். எண்ணெய்க் கழிவைத் தெருச் சாக்கடையில் விடுவதும், புகைபோக்கியைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் வைப்பதும்தான் புகாரின் தொடக்கம்.

அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு

மாடியில் இரண்டு அறை கட்டிக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது குடியிருப்புப் பயன்பாடுதான். அதே மாடியில் அறைக்கு எட்டுப் பேர் என்று கட்டில் போட்டுச் சாப்பாடும் போட்டால் அது விடுதி. பெண்கள் தங்கும் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். வரியில் சிறு நிம்மதி உண்டு. 2024 ஜூலை முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்குவோரிடம் வாங்கும் தங்குமிடக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.

கடன் வாங்கி அறை கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த வாடகை அறைகளும் மெஸ்களும் காலியாயின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. வாடகைச் சந்தை இப்படி ஒரே நாளில் மாறும். விதியை மீறி, வட்டிக்கும் வாங்கி மாடி கட்டியவருக்கு இரண்டு பக்கமும் இடி.

வாடகை வீடு, வக்ஃபு வீடு

வாடகை வீட்டில் தொழில் செய்ய வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அதில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "வீட்டில் இன்ன தொழில், இன்ன நேரம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அது அவருடைய உரிமை. கடனையே எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. வாடகையை எழுதுவதில் வெட்கம் எதற்கு?

வக்ஃபு வீட்டில் குடியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை அங்கே முதல் சட்டம். முத்தவல்லி வாய்மொழியாகச் சொன்னது போதாது. எந்தப் பயன்பாட்டுக்கு என்று குத்தகைப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் சில பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது வழக்கமானது. ஆனால் வீட்டைப் பொதுத் தொழுகைக் கூடமாக மாற்றுவது வேறு. வழிபாட்டு இடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. ஆர்வத்தில் தொடங்கிவிட்டுப் பிறகு ஊர்ப் பகையைச் சம்பாதிக்க வேண்டாம்.

அறிவிப்பு வந்தால்

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் அறிவிப்பும், 57-ஆம் பிரிவில் பூட்டி சீல் வைப்பதும் வரலாம். 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிடலாம். பதில் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை நம் மக்கள் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். 2024 நவம்பர் 13-இல் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு, முன்னறிவிப்பு தந்து 15 நாட்கள் அவகாசம் அளிக்காமல் கட்டடங்களை இடிக்கக் கூடாது என்றது. இது நமக்குத் தெரியும், பேசுகிறோம், பகிர்கிறோம். ஆனால் அந்தப் பாதுகாப்பு சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புக்குக் கிடையாது என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஏரிகள் சூழ்ந்த நம் பகுதிக்கு அது முக்கியம்.

அடுத்த மாதமே, டிசம்பர் 17-இல், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மீரட் வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டுக்கென ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-இலேயே இடிக்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீண்ட காலம் ஆனது என்பதோ, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதோ மீறலை நியாயமாக்காது என்றது. அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த எந்த அலுவலகமும் உரிமம் தரக் கூடாது என்றும் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அதாவது, "பத்து வருஷமாக நடக்கிறது, யாரும் கேட்கவில்லை" என்பது இனி ஒரு பதிலே அல்ல.

"கொஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாமே ஹஜ்ரத்?" என்று கேட்பவர்களுக்கு: லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்கு உரியவர்கள். பறிக்கப்பட்ட உரிமையை மீட்க வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தைப் பற்றி உலமாக்கள் பேசியது வேறு விஷயம். மீறலை மறைக்கக் கொடுப்பது அந்தச் சலுகையில் சேராது.

தொடங்கும் முன்: வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. இரண்டு பக்கத்து வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் சந்தித்து, எந்த மதத்தவராக இருந்தாலும், என்ன தொழில், எத்தனை மணி வரை என்று சொல்லுங்கள். சலாமும் ஒரு தட்டுப் பலகாரமும் பல புகார்களைத் தடுக்கும்.

2. வாடகை வீடு என்றால் எழுத்துமூல ஒப்புதல்.

3. சர்வே எண்ணுக்கான நிலப் பயன்பாட்டை எழுத்தில் பெறுதல். மனை, கட்டட அனுமதி ஆவணங்களைச் சரிபார்த்தல்.

4. ஊராட்சி அல்லது நகராட்சியில் தொழில் உரிமம் தேவையா என்று கேட்டல். மோட்டார் பொருத்துவதாக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். சொத்து வரி மாறுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

5. மின் இணைப்பின் பிரிவை மாற்றுதல் அல்லது தனி மீட்டர்.

6. உணவு என்றால் பதிவு, வணிகச் சிலிண்டர்.

7. உத்யம் பதிவு. இது இலவசம், பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். ஆனால் உத்யம் சான்று மண்டல அனுமதி ஆகாது. பலர் இதைச் சட்டம் மாட்டி வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

8. வண்டிகள் நிற்க இடம். டெம்போ தெருவை அடைத்தால் எல்லாத் தாளும் இருந்தும் பயனில்லை. வழியின் உரிமையைப் பேணுவது ஈமானின் கிளைகளோடு தொடர்புள்ளது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

நாம் தொடக்கத்தில் சொன்ன சகோதரியின் கதை இப்படி முடிந்தது. மஹல்லா பெரியவர் ஒருவர் கூடப் போய் ஆட்சேபணை கொடுத்தார். இறுதித் தொகையைத் தவணையில் கட்டி முடித்தார்கள். ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தந்து, பெரிய தெருவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தது. வணிக மீட்டர், உணவுப் பதிவு எல்லாம் இருக்கிறது. இன்று அங்கே இரண்டு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை வருடச் சேமிப்பு அபராதத்தில் கரைந்திருக்காது. அந்த ஒருவராக நாம் இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் இரண்டு பேர், மாதம் ஒரு நாள், பள்ளிவாசல் வராண்டாவில் உட்கார்ந்து இந்தக் காகிதங்களைப் பார்த்துச் சொல்லலாம். வீட்டில் தொழில் செய்யும் பெண்களுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் வழியாகத் தகவல் போகலாம். நம்மைப் போன்ற இமாம்களும் ஹலாலா என்று கேட்டு வருபவரிடம், "எந்த வீட்டில் அம்மா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்கலாம்.

அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஹலாலான, அண்டை வீட்டாரின் முகம் சுளிக்காத, அச்சமில்லாத ரிஸ்க்கைத் தருவானாக. ஆமீன்.